பாலிசி இருக்கையில் பாஸ் எதற்கு?

"அந்த ஓட்டுல கை வச்சீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும் பாஸ்! எறங்குங்க கீழ!"

ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு லோரன்ஸ் போட்ட சத்தத்தில் ஏணியே ஆடியது. பாதி உயரத்தில், ஒரு புது ஓட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற செல்லையா பாஸ் திகைத்துப் போனார். பலாபத்வலையில் மேசன் வேலை செய்கிற எல்லோருமே பாஸ்தான். ஆனால் கூப்பிட்ட அன்றைக்கே வருகிற பாஸ் இவர் ஒருவர்தான். அப்படி வந்த மனிதனைத் திட்டி இறக்குகிற வீட்டை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"ஒரே ஒரு ஓடுதானே ஐயா. கொரங்கு குதிச்சு ஒடச்சிருக்கு. அம்மா ஊத்துன பிளேன்டீ ஆறுறதுக்குள்ள மாத்திட்டு எறங்கிடுவேன்."

"கொரங்கு இல்ல. காத்து."

"நான் கண்ணால பார்த்தேன் ஐயா. பெரிய கடுவன் கொரங்கு."

"நீங்க ஒண்ணையும் பார்க்கல. அது காத்து!"

செல்லையா பாஸ் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு இறங்கி ஓட்டைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். சத்தம் கேட்டு மார்ஜரி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். லோரன்ஸின் மனைவி கோபத்தில் வரும்போது கையில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. ஹோலுக்கு நட்டநடுவுல சொட்டுது. வந்தவங்க கோப்பையில மழைத்தண்ணி விழட்டுமா?"

"மார்ஜரி, நமக்கு பாலிசி இருக்கு."

கடவுள் இருக்கிறார் என்று மற்றவர்கள் சொல்கிற அதே குரலில் லோரன்ஸ் இதைச் சொன்னார்.

அந்தப் பாலிசி வந்த கதை இதுதான். மார்ஜரியின் தம்பி ரொமேஷ், கட்டாருக்குப் போவதற்கு முன் கொஞ்சக் காலம் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தான். அந்தக் கொஞ்சக் காலத்தில் அவனிடமிருந்து சொந்தக்காரர் ஒருத்தரும் தப்பவில்லை. மச்சான் வீட்டுக்கு வந்து, இடியப்பம் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தால், வேண்டாம் என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? அவன் காட்டிய இடத்தில் எல்லாம் லோரன்ஸ் கையெழுத்துப் போட்டார். ஒரு வரி வாசிக்கவில்லை. வாசித்தால் மச்சானைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடுமே!

பாலிசி வந்த அட்டையில் ஓர் அழகான வீடு. வீட்டுக்கு மேலே விரித்த பெரிய குடை. குடைக்குக் கீழே பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு குடும்பம். இதற்கு மேல் வாசிக்க என்ன இருக்கிறது? அன்றிலிருந்து மாதம் தவறாமல் கட்டி வருகிறார். அந்தக் குடை விரிவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"எதுக்கும் ரொமேஷ்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மார்ஜரி.

"கட்டார் வெயில்ல காயிற பொடியன்கிட்ட ஓடு ஒடஞ்சதையா சொல்றது? எல்லாம் எனக்குத் தெரியும். கொரங்கு ஒடச்சா கம்பனி காசு தராது, காத்து ஒடச்சாத்தான் தரும். கம்பனி ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் ஒண்ணையும் தொடக் கூடாது."

"மதுவுக்கு இந்த இடமும் தட்டிப் போச்சுன்னா உங்கள நான் சும்மா விட மாட்டேன். ஞாபகம் வச்சிக்குங்க."

அது வெறும் மிரட்டல் இல்லை. மகள் மதுஷிகாவுக்கு இதற்கு முன் வந்த வரன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நொட்டை சொல்லிப் போய்விட்டன. தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற இந்தக் குடும்பம், வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவில் அவளைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே கேட்டு வந்தது. எல்லாவற்றையும் விட, மதுஷிகாவுக்கே பையனைப் பிடித்திருந்தது. அவள் வாயால் ஒருத்தனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

செல்லையா பாஸ் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, வாசல் படலையடியில் நின்று கள்ளமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு ஓட்டுக்கெல்லாம் கம்பனி ஆள் வருவாங்களா ஐயா?"

அது முள் மாதிரி லோரன்ஸின் மண்டைக்குள் ஏறிக்கொண்டது.

பின்னேரம் மார்ஜரி கடைக்குப் போன சமயம் பார்த்து, ஒட்டறைக் கம்பை எடுத்தார். ஏமாற்றுகிற எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது. காற்று அரைகுறையாக விட்டுப்போன வேலைக்கு ஒரு சின்ன உதவி, அவ்வளவுதான். சீலிங் பலகை இடுக்கு வழியாகக் கம்பை விட்டு, உடைந்த ஓட்டுக்குப் பக்கத்து ஓட்டை மெல்ல ஒரு நெம்பு நெம்பினார்.

அந்த ஓடு சரிந்தது. சரிந்தது தனியாகப் போகாமல் பக்கத்தில் இருந்தவற்றையும் கூட்டிக்கொண்டு போனது. சீலிங் பலகை இரண்டு, இத்தனை வருஷத்துத் தூசியோடு அவர் தலையில் இறங்கின. கூரையில் இப்போது ஒரு ஆள் தலையை நீட்டி ஏ நைன் மெயின் ரோட்டில் பஸ் வருகிறதா என்று பார்க்கலாம்.

வாசலில் வந்து நின்ற மார்ஜரியின் கையிலிருந்த பை நழுவியது.

"என்னங்க இது!"

"காத்து" என்றார் லோரன்ஸ், தலை முதல் கால் வரை வெள்ளையாக, கையில் கம்போடு.

வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. ஆனால் வானம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அன்று இரவு பிடித்த மழை விடியும்வரை விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஹோல் குளமாகி இருந்தது. சோபா, அல்மாரி, டீவி எல்லாவற்றையும் மூன்று பேருமாக முற்றத்துக்கு இழுத்துப்போட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மழையில் நனைந்து இழுத்ததில் மதுஷிகாவுக்குச் சரியான தடுமல். மூக்கு அடைத்து, கண் சிவந்து, பேச்சே அழுகையாகத்தான் வந்தது. ஆபீஸ்காரர்களோடு பேசுவதென்றால் லோரன்ஸுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் கம்பனிக்கு அவளையே பேசச் சொன்னார்.

"ஹலோ... அப்பா பேர்ல ஒரு பாலிசி இருக்குங்க... அத கிளெய்ம் பண்ணணும்..." மூக்கை உறிஞ்சினாள். "ஆமாங்க, நேத்துத்தான்... ஆமாங்க, திடீர்னு..."

போனை வைத்துவிட்டு ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"என்னா மரியாதைப்பா! ரொம்ப வருத்தமா இருக்குன்னாங்க. மனசத் தளர விடாதீங்க மிஸ், கம்பனி உங்க குடும்பத்தோட நிக்கும்னாங்க."

லோரன்ஸின் கண் கலங்கிவிட்டது. "கேட்டியா மார்ஜரி? ஒரு கூரைக்கு இவ்வளவு வருத்தப்படுறாங்க. நம்ம சொந்தத்துல ஒருத்தன் இப்படி ஒரு வார்த்தை கேட்டானா?"

"நாளைக்கே ஒரு ஆபீஸரை அனுப்புறாங்களாம்ப்பா."

"நாளைக்கா!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கூரை ஓட்டையைப் பார்த்தார்கள்.

மார்ஜரி நிதானமாகப் பேசினாள். அவள் கத்தாமல் பேசும்போதுதான் லோரன்ஸ் ஓரடி தள்ளி நிற்பார். "கம்பனிக்காரன் வர்ற வரைக்கும் கூரையைத் தொடக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள ஓட்டை தெரியக் கூடாது. இப்ப சொல்லுங்க பாலிசிக்காரரே, என்ன செய்யப் போறீங்க?"

லோரன்ஸ் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. விசேஷ வீடுகளில் சீலிங்குக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டுவார்களே! கட்டினால் அலங்காரத்துக்கு அலங்காரம், மறைப்புக்கு மறைப்பு. மாப்பிள்ளை வீட்டார் போனதும் அவிழ்த்துவிட்டு ஆபீஸருக்குக் காட்டலாம். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு வாழ்க்கை முழுக்க ஒரு மிளகுக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறோமே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது. உடனே, உட்காரக் கதிரையும் கூடாரமும் வாடகைக்கு விடுகிற பக்கத்து லேன் பாறூக் நானாவுக்குப் போன் போட்டார்.

"நானா, அவசரம். நாளைக்குக் காலைல கதிரை வேணும். ஹோலுக்கு மேல வெள்ளைத் துணியும் கட்டித் தரணும். சாமான் எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டோம்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நானா சட்டென்று நிறுத்தினார்.

"லோரன்ஸ், நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம். எல்லாம் நாங்க பார்த்துக்கொள்றோம். வாடகையப் பத்திக் கதைக்கவும் வேணாம்" என்றார் பாறூக் நானா, தழுதழுத்த குரலில்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷன்!" என்று சொல்லிக்கொண்டே லோரன்ஸ் போனை வைத்தார்.

சனிக்கிழமை காலை நானாவின் ஆட்கள் வந்தபோது லோரன்ஸ் வீட்டில் இல்லை. கேக்கும் ரோல்ஸும் வாங்கச் சந்திக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தவள் மார்ஜரி. வடைக்கு வெங்காயம் உரித்துக் கண்ணிரண்டும் சிவந்து, கன்னமெல்லாம் ஈரமாக நின்றாள். ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஹோலைக் காலி பண்ணிவிட்டு அவசரமாக வெள்ளைத் துணி கட்டச் சொன்னால் அது சாவு வீடு என்பது நானாவின் கணக்கு. சாவு வீட்டில் போய் யார் செத்தது என்று கேட்கிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. வந்து உட்கார்ந்தால் தானாகத் தெரிய வரும். அவள் ஹோலைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய், வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு, வடை தட்ட ஆரம்பித்தாள். மதுஷிகா உள்ளறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சேலையோடு போராடிக்கொண்டிருந்தாள்.

லோரன்ஸ் பை நிறைய ரோல்ஸோடு திரும்பி வந்தபோது, லேன் முகப்பிலேயே வெள்ளைக் கொடி பறந்தது. 'அட, நம்ம லேன்ல யாரோ போயிட்டாங்க போல. பாவம். இன்னைக்குன்னு பார்த்தா இது நடக்கணும்?' என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு லைட் கம்பத்திலும் கொடி. கொடியைப் பார்த்துப் பார்த்தே நடந்தார். கடைசிக் கொடி அவருடைய படலையில் கட்டியிருந்தது.

கால் நின்றுவிட்டது.

முற்றத்தில் சோபா, அல்மாரி. வரிசை வரிசையாகக் கதிரைகள், கதிரைகளில் லேன் ஆட்கள், சீனியும் தேயிலையும் சுற்றிய பார்சல்களை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள். திறந்த கதவு வழியாகச் சீலிங் முழுக்க வெள்ளை. செபக்கூட்டத்து வயலட் அக்கா செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மார்ஜரியை மட்டும் காணவில்லை.

துணி கட்டச் சொன்னது, கதிரை கேட்டது எல்லாம் அந்த நிமிஷம் அவருக்கு மறந்தே போனது. காலையில் தேத்தண்ணியில் சீனி காணாது என்று அவளிடம் எரிந்து விழுந்தது மட்டும் ஞாபகம் வந்தது. அதுதான் கடைசிப் பேச்சா? ரோல்ஸ் பையைப் போட்டுவிட்டு ஓடினார்.

"மார்ஜரீ! என்னய விட்டுட்டுப் போயிட்டியாடி!"

அதுவரை அடக்கிக்கொண்டு இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஓவென்று அழுதார்கள்.

அடுப்படிக் கதவு திறந்தது.

"எங்க போனேன்? இங்கதானே வட பொரிச்சிட்டு இருக்கேன்!" என்றாள் மார்ஜரி.

வயலட் அக்கா போட்ட கூச்சலில் முற்றத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன. இரண்டு பேர் கதிரையோடு பின்னால் சாய்ந்து விழுந்தார்கள். லோரன்ஸ் ஓடிப்போய் மனைவியின் இரண்டு கைகளையும், கரண்டியையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். மார்ஜரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதன் இப்படித் தன் கையைப் பிடித்ததில்லை என்பதால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பாறூக் நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப மார்ஜரி இருக்கிறா. லோரன்ஸ் இருக்கிறார். உள்ளுக்கு மகள்ட சத்தமும் கேக்குது. அப்ப மௌத்தானது யாரு?"

"யாரும் இல்ல நானா! பொண்ணு பார்க்க வர்றாங்க!"

"பொண்ணு பார்க்கவா?" வயலட் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செபமாலை பாதி சொல்லி முடிச்சிட்டோம். இப்ப அத யாருக்கு ஒப்புக்குடுக்கிறது?"

அந்த நேரம் பார்த்துத்தான் படலையடியில் வேன் வந்து நின்றது.

வேன் கதவு அரைவாசி திறந்தது. வெள்ளைக் கொடி, கதிரை வரிசை, அழுத கண்களோடு ஒரு கூட்டம். பட்டுச் சேலையோடு இறங்கப் போன மாப்பிள்ளையின் அம்மா ஒரு காலை வெளியே வைத்தபடியே உறைந்து போனாள். "அந்தோனியாரே! திருப்புங்க வேன!"

உள்ளறை ஜன்னலில் மதுஷிகாவின் முகம் தெரிந்தது. பாதி கட்டிய சேலையோடு, வேன் பின்வாங்குவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் லோரன்ஸுக்கு வெட்கம், மானம் எல்லாம் போய்விட்டது. ஓடிப்போய் வேனுக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் சாகலைங்க! சத்தியமா ஒருத்தரும் சாகல! வந்து எண்ணிப் பாருங்க, எல்லாரும் உசிரோட இருக்கோம்!"

லேன் ஆட்கள் முழுப்பேரும் வந்து நின்று தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சாட்சி சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள்.

ஹோலில் உட்கார வைத்ததும் மழை பிடித்தது. மாப்பிள்ளையின் அப்பா மரக்கறி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிற உடம்பு. நேராகப் போய் நடுக் கதிரையில் அமர்ந்தார். அவர் தலைக்கு மேலே வெள்ளைத் துணி மெதுவாக வயிறு வைக்கத் தொடங்கியது. அதை முதலில் மார்ஜரி பார்த்தாள், பிறகு லோரன்ஸ் பார்த்தார்.

"சம்பந்தி, இந்தப் பக்கம் வாங்களேன். நல்ல காத்து வரும்."

"இல்லங்க, இது நல்லா இருக்கு."

துணி இப்போது நிறைமாதமாகிவிட்டது.

"அங்க இருந்தா பொண்ணு முகம் வடிவாத் தெரியாதுங்க."

"நமக்கு எதுக்குங்க, பையன் பார்த்தாப் போதும்" என்று அவர் சிரித்த நேரம், மதுஷிகா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். மேலே டர்ரென்று ஒரு சத்தம்.

தண்ணீர், தூசி, ஓட்டுத் துண்டு, சீலிங்கில் எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு பல்லி, எல்லாம் அவர் மேல் இறங்கின. பக்கத்தில் நின்ற லோரன்ஸுக்கும் பங்கு கிடைத்தது. வெள்ளைத் துணி இரண்டு பேரையும் சேர்த்து மூடியது.

முதலில் சிரித்தது மாப்பிள்ளை ஜெரோம். அதைப் பார்த்து மதுஷிகாவும், மூக்கடைப்போடு, தட்டு நடுங்கச் சிரித்தாள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழும்பினான்.

"ஓடுதானே அங்கிள். ஏணி இருக்கா?"

செபத்துக்கு வந்திருந்த செல்லையா பாஸ், இதற்காகவே காத்திருந்தவர் போல ஏணியைச் சாய்த்தார். "மிச்ச ஓடு நம்ம வீட்டுல இருக்கு தம்பி, இந்தா எடுத்துட்டு வர்றேன்." ஜெரோம் ஏணியில் கால் வைத்தான்.

"தொடாதீங்க!" துணிக்குள்ளேயிருந்து லோரன்ஸ் அலறினார். "தம்பி, உங்க கால்ல விழுறேன், எறங்குங்க! கம்பனி ஆள் வந்து பார்க்கணும்!"

"என்னா கம்பனி?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

இனி மறைக்க என்ன இருக்கிறது? துணியை விலக்கிக்கொண்டு லோரன்ஸ் எல்லாவற்றையும் சொன்னார். ஒட்டறைக் கம்பை மட்டும் சொல்லவில்லை. பாலிசி, கட்டிய காலம், குடை, காத்து. சொல்லச் சொல்ல மாப்பிள்ளையின் அப்பாவின் ஈர முகம் மாறிக்கொண்டே வந்தது.

"வீட்டுக்கே பாலிசி போட்டு வச்சிருக்கீங்களா? தம்புள்ளையில இவ்வளவு கடை வச்சிருக்கவங்கள்ல ஒருத்தன்கிட்ட இது கெடையாதுங்க." தலையில் ஒட்டியிருந்த பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு லோரன்ஸின் கையைப் பிடித்தார். "வெவரமான குடும்பம். இப்படி ஒரு ஆள் சம்பந்தியா வர்றது எங்களுக்குத்தான் பெருமை. எங்களுக்குப் பூரண சம்மதம்."

மதுஷிகா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். மார்ஜரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இந்தத் தடவை வெங்காயம் இல்லை. லோரன்ஸ் நெஞ்சை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். பார்த்தாயா பாலிசியை, என்றது அந்தப் பார்வை.

படலையடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை கட்டிய ஒரு இளம் ஆபீஸர் தலையைக் குனிந்தபடி வந்தார். இரண்டு கைகளாலும் பெரிய மலர்வளையம் ஒன்றைத் தாங்கிக்கொண்டிருந்தார். முற்றத்தில் நின்றவர்கள் பழக்கதோஷத்தில் வழிவிட்டார்கள்.

"வாங்க சேர், வாங்க! உங்களைத்தான் பார்த்துட்டு இருக்கோம்" என்று லோரன்ஸ் ஓடினார். "கூரைக்கெல்லாமா பூ கொண்டு வருவாங்க? உங்க கம்பனி கம்பனிதான்!"

ஆபீஸர் அவருடைய ஈரக் கையை மெல்லப் பிடித்தார். "கூரையா? நான் லோரன்ஸ் ஐயாவுக்குக் கடைசி மரியாதை செய்ய வந்தேனுங்க. உடம்ப எங்க வச்சிருக்கீங்க?"

"நான்தான் லோரன்ஸ்."

மலர்வளையம் கீழே விழுந்தது. "மிஸ் அழுதுகிட்டே கோல் எடுத்தாங்களே!"

"அது தடுமல்" என்று மதுஷிகா மூக்கை உறிஞ்சினாள்.

"சேர், இது வீட்டுப் பாலிசி!" லோரன்ஸின் குரல் கிறீச்சிட்டது. "அட்டையில வீடு இருக்கு! குடை இருக்கு!"

"அந்தப் படம் எங்க எல்லா அட்டையிலயும் இருக்கும் ஐயா."

மார்ஜரி கூரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். பிறகு புருஷனைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தாள்.

"அப்ப, இந்தப் பாலிசியில எங்களுக்கு ஒண்ணுமே கெடைக்காதா தம்பி?"

ஆபீஸர் மலர்வளையத்தை எடுத்துத் தூசி தட்டினார். "முழுசாக் கெடைக்கும்மா. ஐயா உசிரோட இருக்கிற வரைக்கும்தான் எங்களால ஒண்ணும் செய்ய ஏலாது."